கூத்துக்காரருக்கு முன்பணம், கிராம சபைக்கு ஒரு கேள்வி

நான் பொருளாளராக இருக்கும் அறக்கட்டளை ரொம்பச் சிறியது. சொந்தக் கட்டடம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு, வந்தவாசி சுற்று வட்டாரக் கிராமங்களில் கூத்து, வீதி நாடகம், பறை, சுவரோவியம் என்று யாராவது ஏதாவது செய்ய நினைத்தால் அதற்குக் கொஞ்சம் பணம் கொடுப்போம். ஒரு திட்டத்துக்கு 10,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை. ஒரே ஒரு நிபந்தனை: அந்த நிகழ்ச்சி ஊரின் பொதுக் காரியம் ஒன்றைத் தொட வேண்டும். ஏரி, நூலகம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை, கிராம சபை, எதுவானாலும் சரி.

இதே மாதிரி ஒன்றைத் தங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" என்பதுதான். தேர்ந்தெடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வருகிற விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் நல்லவைதான். கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம் வருகிறது. பணம் எப்போது போகிறது, யார் கைக்குப் போகிறது, கொடுத்தவர் எவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், இந்த மூன்றிலும்தான் காரியம் உருப்படுவதும் கெடுவதும்.

முதலில் பணம் போகும் நேரம். எங்கள் பக்கத்தில் ஒரு ஊர் கூத்து வைக்க வேண்டுமென்றால் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு ஒரு தொகையைத் தாம்பூலமாக வைத்துத் தேதி கேட்பார்கள். அது கைக்கு வந்தால்தான் தேதி உறுதி. மீதியைப் பொழுது விடிந்து, வேஷம் கலைத்து, சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வாங்கிக்கொண்டு ஜமா, அதாவது கூத்துக் குழு, ஊரைவிட்டுக் கிளம்பும். வாத்தியாரோ, சீசன் முழுக்கத் தன் ஜமாவிலேயே ஆட வேண்டும் என்பதற்காக நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருப்பார். அதில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கியது. இப்படிப்பட்டவரிடம் போய், "முதல் தவணை முப்பது சதவீதம், மீதி பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகு" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இன்னொரு கடன் வாங்குவார். நாம் கொடுக்கும் நன்கொடைக்கு அவர் வட்டி கட்டுவார்.

அதனால் நாங்கள் தொழிலின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். திட்டம் முடிவான வாரமே பெரும்பகுதி, ஆட்டம் முடிந்த கையோடு மீதி. அறிக்கை வரட்டும் என்று எதையும் நிறுத்தி வைப்பதில்லை. அறங்காவலர் ஒருவர், "வாங்கிக்கொண்டு வராமல் போய்விட்டால்?" என்று கேட்டார். ஜமாவின் பெயர் வட்டாரம் முழுக்கச் சுவர்களில் நோட்டீஸாக ஒட்டியிருக்கிறது. அடுத்த பங்குனிக்கு அவர் இதே ஊர்களுக்குத்தான் ஆட வந்தாக வேண்டும். நாம் எழுதி வாங்கும் எந்தக் காகிதத்தையும்விட அது கெட்டியான ஜாமீன். இதுவரை யாரும் வராமல் போனதில்லை.

யார் கைக்கு என்பது இரண்டாவது. ரொக்கமாகக் கொடுக்க முடியாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதை அறக்கட்டளையின் நோக்கத்துக்கான செலவாக ஏற்க மாட்டார்கள். சரி, வங்கி வழியாகப் போடலாம் என்றால் அதில் வேறு சிக்கல் வந்தது. ஒரு வாத்தியாரின் கணக்கில் மொத்தத் தொகையும் போனது. அந்தக் கிளையில் அவருக்குப் பழைய கடன் பாக்கி இருந்தது. பணம் ஏறிய அன்றே பிடித்துக்கொண்டார்கள். மிருதங்கக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு கலைஞரின் கணக்குக்கும் தனித்தனியாக அனுப்புகிறோம். ஒரு ஜமா முழுக்கப் பாஸ்புக் நகல் வாங்குவது அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்பாராத பலனும் உண்டு. கடைசி வேஷம் கட்டும் பையனுக்கும் கலைஞனாகச் சம்பாதித்ததற்குத் தன் பெயரில் ஒரு பதிவு கிடைக்கிறது. அரசு 2007-ல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேரப் போகும்போது அந்தப் பதிவையும் எங்கள் கடிதத்தையும் காட்டித் தெம்பாகப் பேச முடிகிறது. வாரிய அட்டை இருக்கிறதா என்று நாங்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவோம். நிறையப் பேரிடம் இருக்காது, அல்லது புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள்.

ரசீது விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். குட்டியானை ஓட்டுகிறவரிடம் அச்சடித்த பில் இருக்காது. வண்டி எண், ஓட்டுநர் பெயர், எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று ஒரு வவுச்சரில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் எங்கள் ஆடிட்டர் ஏற்றுக்கொள்கிறார். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். அவ்வளவுதான்.

தேதி குறிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாரதக் கூத்து பங்குனியில் சூடு பிடித்து ஆடி வரை ஓடும். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாக்களில் இரவுதோறும் ஆட்டம். தமிழ்நாட்டில் கிராம சபை வழக்கமாகக் கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மே 1-ஐ ஒட்டி ஒரு ஜமாவைக் கூப்பிடுவது அவர்கள் சம்பாதிக்கிற நாளைக் கெடுப்பது. அக்டோபர் 2 புரட்டாசியில் வருகிறது. ஆட்டம் கிடையாது, பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். நாங்கள் கொடுக்கும் சின்னத் தொகை அந்த மாதத்தில் பெரிய தொகை. அதனால் எங்கள் பணத்தில் பெரும்பகுதி புரட்டாசி, ஐப்பசியில் செலவாகிறது. மழை ஒன்றுதான் தொல்லை. நவம்பர் 1-க்கு எப்போதும் பள்ளிக்கூட வராந்தாவை மாற்று இடமாகச் சொல்லி வைத்துவிடுவோம்.

கிராம சபையை இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 1992-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சேர்ந்து, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் அந்தச் சபையின் உறுப்பினர் ஆக்கியிருக்கின்றன. யாரும் அழைக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை 500-ஐத் தாண்டி 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நடைமுறையில், நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி அந்த எண்ணிக்கையைக் காட்டிவிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கூட்டம் முடிந்து எழுந்து போகும்போது என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு முந்தைய நாள் மாலை ஊருக்குள் ஒரு ஆட்டம் நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் எங்கள் யோசனை.

இங்கேதான் மூன்றாவது விஷயம், வாயை மூடிக்கொள்வது. கலைக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு 'விழிப்புணர்வு' என்று ஒரு வியாதி உண்டு. டெங்கு விழிப்புணர்வு, பிளாஸ்டிக் விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு. எங்கள் அறங்காவலர் ஒருவர் நல்ல தமிழில், எதுகை மோனையோடு, குப்பையைத் தரம் பிரிப்பது பற்றி ஒரு நாடகமே எழுதிக்கொண்டு வந்தார். அதை வாத்தியாரிடம் கொடுத்தோம். அவர் பொறுமையாக முழுக்கப் படித்தார். "சார், இதை நீங்களே மைக்ல படிச்சுடுங்க. எங்களுக்கு எதுக்கு வேஷம்?" என்றார். அறங்காவலர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் பிரதி எழுதிக் கொடுப்பதில்லை. ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஜமாவுக்கு ஒரு பகலைக் கொடுக்கிறோம், அந்தப் பகலுக்கும் சம்பளம் உண்டு. அதை எங்கே, யார் வாயில் வைப்பது என்பது வாத்தியார் பாடு.

ஒரு ஊரில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கிறான். கூத்தின் கோமாளியும் கதை சொல்பவனுமான கட்டியங்காரன் வந்து ராஜாவின் பெருமையைச் சொல்ல வேண்டிய இடம். "எங்க ராசா நாட்டுல மாசம் மும்மாரி பெய்யுது. பால் பொங்குது. எல்லாம் இருக்குது. வெளக்கு மட்டும் எரியல" என்றான். கூட்டம் சிரித்தது. அந்த ஊரில் ஒரு தெருவில் பல மாதமாக விளக்கு இல்லை. ஊராட்சித் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டியங்காரன் விடவில்லை. "ஏன் எரியலன்னு இப்ப கேக்காதீங்க, ராசா கோவிச்சுக்குவாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஸ்கூல்ல சபை கூடுது, அங்க கேளுங்க. அங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதாம்." மறுநாள் அந்தத் தெருப் பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். தலைவர், "கூத்துல சொன்னதுக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா?" என்று கேட்க, பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ராசா இல்லன்னா வேற யாரு சொல்றது?" என்றார். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு போட்டார்கள்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால், பார்வையாளரே மேடையேறிக் கதையின் போக்கை மாற்றும் ஒரு முறையை உருவாக்கியவர். ரியோ டி ஜெனீரோவில் நகர்மன்ற உறுப்பினராக இருந்த 1993 முதல் 1996 வரையான காலத்தில், நாடகங்களில் மக்கள் சொன்னவற்றிலிருந்து 13 சட்டங்களை நிறைவேற்ற வைத்ததாகச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு எங்களிடம் பயிற்சி முகாம் நடத்த நிதி கேட்கும் இளைஞர்கள் உண்டு. தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் நம் கட்டியங்காரன் ஆடுகளத்துக்கும் தரைக்கும் நடுவில் நின்று, புராணத்தையும் நேற்றைய செய்தியையும் ஒரே மூச்சில் பேசும் உரிமையை வெகு காலமாக வைத்திருக்கிறான். முகாமுக்கு ஆகும் செலவில் இன்னும் நாலு ஊரில் ஆடலாம் என்பது என் கட்சி.

ஒரு ஆட்டத்தால் ஊர் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த பெரிய உதாரணம் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். 1987-லும் 1990-லும் அறிவியல் இயக்கங்கள் நடத்திய கலைப்பயணங்கள் அதற்குப் பாதை போட்டன. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பாட்டும் நாடகமும் ஊர் ஊராகப் போனது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பாட்டு நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் பாட்டு முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் விளக்கு வைத்து ஒருவர் பாடம் நடத்தினார் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஆகவே விண்ணப்பத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஊர்க்காரர் எங்கே போகலாம், என்ன செய்யலாம்?" என்பது. பதில் இல்லையென்றால் திட்டத்தைத் தள்ளிவிட மாட்டோம், மறுநாளை யோசித்துவிட்டு வரச் சொல்வோம்.

எங்கள் பணத்தில் நடந்தவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது கூத்து இல்லை. ஒரு சுவர்.

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண் விண்ணப்பித்தார். பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் ஊர் ஏரியின் வரைபடத்தை வரைய வேண்டும், 30,000 ரூபாய் வேண்டும். சென்னை கண்ணகி நகர் சுவரோவியங்கள் 2020-ல் செய்தியில் அடிபட்ட பிறகு எங்களுக்குச் சுவர் விண்ணப்பம் நிறைய வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் தலைவர்கள் படம், பறவைகள், ஒரு திருக்குறள். இது வேறாக இருந்தது. பணம் வாங்கிய பிறகு அவர் வாரக் கணக்கில் பிரஷ்ஷையே எடுக்கவில்லை. அறங்காவலர்களில் சிலருக்குப் பொறுமை போய்விட்டது. அவரோ பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார். எந்த மதகுக்கு என்ன பெயர், உபரி நீர் வெளியேறும் கலங்கல் எந்த மழைக்குக் கடைசியாக வழிந்தது, வரத்துக்கால்வாய் எந்த மேட்டிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து விடும் வேலை பார்த்த பழைய நீர்க்கட்டி ஒருவர் நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார், அவரே பாதி ஏரியை வாயாலேயே வரைந்து கொடுத்தார். கால்வாய் போன தடம் ஆடு மேய்க்கும் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஆண்கள் சொன்ன வழியும் அவர்கள் சொன்ன வழியும் ஒத்துப்போகவில்லை. பெண்கள் சொன்னதுதான் சரியென்று பின்னால் தெரிந்தது.

சிக்கல் அந்தக் கால்வாயில்தான். சுவரில் நீல நிறத்தில் அது ஓடிவந்து, ஊரில் செல்வாக்கான ஒருவரின் நிலத்துக்கு நடுவே போனது. தரையில் அந்த இடத்தில் கால்வாயே இல்லை, வரப்பு போட்டுப் பயிர் வைத்திருந்தார்கள். படம் உலர்வதற்குள் புகார் வந்துவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் பச்சையாக மாற்றிவிடுங்கள், எதற்கு வம்பு என்று ஊராட்சிப் பக்கமிருந்து சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் போன் வந்தது. பணம் கொடுத்தவர்கள் சொன்னால் அந்தப் பெண் கேட்பாள் என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் தப்பித்தது எங்கள் ஒரு பக்க ஒப்பந்தத்தால். சுவரில் என்ன வரும் என்பதை ஓவியரும் அவரோடு வேலை செய்யும் ஊர்க் குழுவும் முடிவு செய்வார்கள், அறக்கட்டளைக்கும் இடம் கொடுப்பவருக்கும் அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்று அதில் ஒரு வரி உண்டு. தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், ஓவியர், நாங்கள் என்று எல்லோரும் வேலை தொடங்கும் முன் கையெழுத்துப் போட்டிருந்தோம். நண்பர்களாக இருக்கும்போது வாங்கிய கையெழுத்து அது, சண்டை வந்த பிறகு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அதைக் காட்டி, எங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டோம்.

அந்தப் பெண் வாதாடவில்லை. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஊர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்து எடுத்தான். அந்தத் துண்டு 'வாய்க்கால் புறம்போக்கு' என்றுதான் இருந்தது. சுவரில் அவர் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை, நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையில் சர்வே எண்ணைச் சின்னதாக எழுதினார். அடுத்த கிராம சபையில் அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சர்வேயர் வந்தார், ஒரு பகுதியில் கல் நட்டார்கள். இன்னொரு பகுதி வழக்கில் நிற்கிறது. தண்ணீர் இன்னும் அந்த வழியாக ஏரிக்கு வரவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஏரியின் ஒவ்வொரு மதகும் பெயரோடு தெரியும், அந்த எண்ணும் மனப்பாடம்.

சுவர் வேலைக்குப் பணம் கொடுப்பவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். ஓதம் ஏறும் சுவரில் எவ்வளவு நல்ல பெயிண்டும் உரியும், மழை முடிந்து தை மாசிக்கு மேல் சுவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரைமருக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷனுக்கும் பேரம் பேசாதீர்கள். மேற்குப் பார்த்த சுவர் சீக்கிரம் வெளுக்கும். இரண்டாம் வருடம் திருத்தி வரைவதற்கு ஒரு சின்னத் தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். நிதி கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுதுவதாக இருந்தால் பிள்ளைகள் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நாங்கள் எழுதுவதே இல்லை.

இன்னொரு கேள்வியையும் விண்ணப்பத்தில் வைத்திருக்கிறோம்: "நிகழ்ச்சி எந்தத் தெருவில் நடக்கும், காலனியில் இருப்பவர்கள் எங்கே உட்காருவார்கள்?" இதைக் கேட்டால் சிலர் முகம் மாறும். கேட்காமல் விட்டால், ஊர்ப் பொதுநிகழ்ச்சி என்ற பெயரில் பாதி ஊர் வராத நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்திருப்போம். காலனி இளைஞர்கள் பறைக் குழு ஒன்றுக்குக் கேட்டு வந்தார்கள். கருவிகள் வாங்கவும் ஒரு ஆசானுக்குச் சம்பளம் கொடுக்கவும் தொகை, கூடவே கடிதத்தில் ஒரு வரி: சாவுக்கு அடிக்க மாட்டோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "அப்புறம் எதுக்கு அவனுங்களுக்குப் பறை?" என்றார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்தின் புதிய அறை திறப்பு நாளில் அவர்கள் அடிக்க ஆசைப்பட்டார்கள். ஊர்த் தெரு வழியாக ஊர்வலம் வர ஒப்புதல் கிடைக்கவில்லை. கடைசியில் ஊராட்சி அலுவலக வாசலில் அடித்தார்கள். அது அரசு இடம், யாரும் யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. அதன் பிறகு கோயில் வாசல், தனியார் களம் என்று வரும் விண்ணப்பங்களிடம் பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சி அலுவலகம் இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்கிறோம். ஊர்வலம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது, நியாயமான வருத்தம்.

அனுமதி விவகாரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பது வாத்தியார்களுக்கு மனத்துக்கு ஒப்பாத காரியம்தான். மைக் இல்லாமல் ஆடுகிறோம் என்று சில ஜமாக்கள் சொல்வதும் உண்டு, அவர்கள் தொண்டைக்கு அது முடியும். காவல் நிலையத்தில் நாடகப் பிரதி கேட்டால் பதற வேண்டாம். 1954-ன் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று, பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தகவல் கடிதம் ஒன்றும் மைக் செட்டுக்கான அனுமதியும் போதும். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் கிராம சபை தள்ளிப்போகும், ஆகவே எங்கள் கடிதத்தில் முடிக்க வேண்டிய தேதியே போடுவதில்லை.

பணம் எங்களுக்கு எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் 80ஜி சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது. வருடா வருடம் நன்கொடைப் பட்டியலை வருமான வரித் துறைக்கு ஏற்றி ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும், மே மாதம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தருவது உள்நாட்டு நன்கொடைதான். வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும், பதிவு இல்லாமல் தொடக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. குழுக்களுக்குப் பணம் கொடுப்பதே எங்கள் தொழில் என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பாரம்பரியக் கலைக்கு இடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் தருகிறோம் என்றும் சொன்னது, ஆனால் கட்டியங்காரன் அவர்கள் பெயர் போட்ட டீ-ஷர்ட்டில் வர வேண்டுமாம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம்.

அறிக்கையாக நாங்கள் கேட்பது வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவு. விண்ணப்பத்தையும் அப்படியே தரலாம், எழுத வராதவர்கள் ஒதுங்கிப்போவது அதோடு நின்றது. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் ஐந்நூறு என்பார்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, மறுநாள் சபையில் யார் வாய் திறந்தார்கள் என்று கேட்கிறோம். பதில்கள் நீளமாக வருகின்றன. இரவில் உட்கார்ந்து கேட்பேன், சில சமயம் பின்னணியில் ஜமா சண்டை போடுவதும் கேட்கும்.

இப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. ஒரே ஜமாவுக்கு வருடா வருடம் கொடுப்பதா, புதியவர்களுக்குச் சுற்றி விடுவதா? பாதிப் பேர் புதியவர்களுக்கு என்கிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் மறுபக்கம். விளக்கு பற்றிப் பேசிய அந்தக் கட்டியங்காரன் அந்த ஊருக்கு மூன்றாவது முறை போனபோது, மக்களே ஆட்டத்துக்கு முன் அவனைத் தேடி வந்து, இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று காதில் ஓதினார்கள். முதல் முறை வந்தவனிடம் யார் வந்து சொல்வார்கள்? அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. என் பக்கம் தோற்கும் என்றுதான் தோன்றுகிறது.